வளையல் அடகுக்கடைக்குப் போக வேண்டாம்

கேள்வி: கணவர் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். மகன் எட்டாவது, மகள் மூன்றாவது படிக்கிறார்கள். முழுப் பரீட்சை லீவில் பெங்களூரு வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிப்போவதாகப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார். மைசூரையும் சேர்த்து இரண்டு ராத்திரி தங்க, டிராவல்ஸில் கேட்கும் தொகை கட்டுப்படியாகவில்லை. என் வளையலை அடகு வைக்கலாம் என்கிறார். மாமியாரையும் விட்டுவிட்டுப் போக முடியாது. என்ன செய்யட்டும்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: வளையல் கையிலேயே இருக்கட்டும் அம்மா. ஒரு நாள் ஆட்டத்துக்கு மாதக்கணக்கில் வட்டி கட்டுவது அநியாயம்.

மைசூரை இன்னொரு வருஷத்துக்குத் தள்ளிவையுங்கள். லாட்ஜும் வேனும் அதோடு கழன்றுவிடும். தூத்துக்குடி–மைசூரு எக்ஸ்பிரஸ் ராத்திரி உங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. காலையில் பெங்களூரில் இறங்கி, ஸ்டேஷனிலேயே முகம் கழுவி, மெஜஸ்டிக்கில் பர்ப்பிள் லைன் மெட்ரோ ஏறினால் கெங்கேரி. அங்கிருந்து வொண்டர்லா இருக்கும் பிடதி பக்கம் பஸ்ஸோ ஆட்டோவோ பிடியுங்கள். அன்று ராத்திரியே திரும்ப ரயில். மைசூரு ரோட்டு நெரிசலை நம்ப முடியாது, அதனால் ஐந்து மணிக்கெல்லாம் பார்க்கைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கும். மகளுக்குத் தனி பெர்த் கேட்டால் முழுக் கட்டணம். பாட்டியோடு படுத்துக்கொள்வாள் என்றால் பாதிதான்.

எந்த நாள் போகிறீர்கள் என்பதில்தான் பெரிய மிச்சம் இருக்கிறது. சனி, ஞாயிறு, லீவு சீசனில் டிக்கெட்டும் கூடுதல், வரிசையும் நீளம். கர்நாடகாவில் மே கடைசியிலேயே பள்ளிகளைத் திறந்துவிடுவார்கள். நமக்குச் சில வருஷம் ஜூன் வரை இழுக்கும். அந்த இடைவெளியில் ஒரு செவ்வாயோ புதனோ கிடைத்தால் விடாதீர்கள். டிக்கெட்டைச் சில நாள் முன்னதாக ஆன்லைனில் எடுத்தால் தள்ளுபடி கிடைக்கும். வரிசையில் நிற்காமல் போகும் ஃபாஸ்ட் டிராக் டிக்கெட், கூட்டமில்லாத நாளில் தண்டச் செலவு.

பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி உயரம் அளந்து பாருங்கள். அங்கே வயதைவிட உயரம்தான் கணக்கு. 140 சென்டிமீட்டர் தாண்டினால் பெரியவர் டிக்கெட். உங்கள் பையன் அநேகமாகத் தாண்டியிருப்பான். மகள் தாண்டியிருக்க மாட்டாள்; பெரிய ரைடுகள் சிலவற்றில் அவளை ஏற்றவும் மாட்டார்கள். அதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள், அங்கே போய் அழ வேண்டாம்.

தண்ணீர் விளையாட்டுக்குப் பருத்தித் துணி, சேலை, சுடிதார் ஆகாது, நைலான் உடைதான். அங்கே போய் வாங்கினால் கையைக் கடிக்கும், திண்டுக்கல் கடைவீதியிலேயே எடுத்துவிடுங்கள். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். புளிசாதம் ரயிலோடு சரி. காலையில் வயிறு நிறைய இட்லி சாப்பிட்டுவிட்டு நுழையுங்கள். மதியச் சாப்பாட்டுக்கும் ஆளுக்கொரு ஐஸ்க்ரீமுக்கும் தனியாகப் பணம் எடுத்துவையுங்கள். அதில் கஞ்சத்தனம் வேண்டாம், பிள்ளைகளுக்கு அதுவும் வொண்டர்லாதான்.

மாமியார் விஷயத்தில் நீங்களாக முடிவு செய்யாதீர்கள். நாள் முழுக்க நடை, வெயில், பெஞ்சில் பை காவல் என்று உள்ளதை உள்ளபடி சொல்லிக் கேளுங்கள். “நான் நாத்தனார் வீட்டில் இருந்துக்கிறேன்” என்று அவரே சொல்லக்கூடும். வருகிறேன் என்றால் வொண்டர்லா டிக்கெட்டில் மூத்த குடிமக்கள் சலுகை இருக்கிறது; வயதுக்கு ஆதாரமாக ஆதார் அட்டையை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.