கடன் பத்திரத்தில் கையெழுத்து போடுவதற்கு முன்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் அம்மா. மகள் வேதியியல் என்கிறாள், சித்தப்பாவும் மாமாவும் கணினிப் பொறியியல் என்கிறார்கள், நீங்கள் தூக்கமில்லாமல் தவிக்கிறீர்கள். பயம் புரிகிறது. ஆனால் அவளுக்குப் பிடிக்காத படிப்புக்குப் பெரிய கடன் வாங்காதீர்கள். வற்புறுத்துகிற சொந்தக்காரர் யாரும் அதில் ஒரு தவணைகூடக் கட்டப்போவதில்லை.

வேதியியல் படித்தால் ஆசிரியர் வேலைக்கோ மருந்துக் கம்பெனிக்கோ போகலாம் என்பது உங்களுக்கே தெரியும். "தண்ணீர் தெளிவாத்தான் இருக்கு, உள்ளே என்ன கரைஞ்சிருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று மகள் கேட்டதாக எழுதியிருந்தீர்களே, அந்தக் கேள்விக்கென்றே ஒரு துறை இருக்கிறது. மின்வேதியியல் உணரிகள், அதாவது கரைந்திருக்கிற பொருளை மின்னோட்டத்தை வைத்துக் கண்டுபிடிக்கிற கருவிகள்.

ரத்தச் சர்க்கரை பார்க்கும் சின்னப் பட்டையைப் பார்த்திருப்பீர்கள். அது நொதி (என்சைம்) பூசிய மின்முனைதான், அதாவது மின்னோட்டம் போய்வருகிற சின்ன முனை. 1962-இல் அமெரிக்க விஞ்ஞானி லேலண்ட் கிளார்க் தொடங்கிவைத்த வழி. அதே யோசனையைத் தண்ணீரில் கலந்த கரிம மாசுகளுக்கும் கொண்டுபோகிறார்கள். ஹைட்ரோகுவினோன், கேட்டகால் என்று இரண்டு நச்சுப் பொருட்கள், அணுக்களின் எண்ணிக்கைகூட ஒன்றேதான், அமைப்பு மட்டும் கொஞ்சம் வேறு. வெறும் கார்பன் மின்முனையில் அளந்தால் மின்னோட்ட வரைபடத்தில் இரண்டும் ஒரே மேடாகக் கலந்துவிடும், கிராஃபீன், கார்பன் நானோகுழாய் என்கிற மிக நுண்ணிய கார்பன் பொருட்களில் ஒன்றை மெல்லிசாகப் பூசிவிட்டு அளந்தால் இரண்டு முகடுகளாகப் பிரிந்து நிற்கும். முதல்முறை அதைத் திரையில் பார்க்கிற பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்! ஃபீனால் இன்னும் தொல்லை, அளக்கும்போதே பிசின் மாதிரி மின்முனைமேல் படிந்து அடைத்துவிடும், அடுத்த அளவீட்டிலேயே மின்னோட்டம் இறங்கிவிடும். அடைபடாத பூச்சு எது, ஆய்வகக் கரைசலில் வேலை செய்தது ஆற்றுத் தண்ணீரிலும் செய்யுமா, இதற்கெல்லாம் இன்னும் ஆள் தேவை. அலுமினா என்கிற நைசான தேய்ப்புப் பொடியில் மின்முனையைக் கண்ணாடி போலத் தேய்த்துத் தேய்த்து, சோதித்து, மறுபடி தேய்க்கிற பொறுமை வேண்டும். உங்கள் மகளுக்கு அது இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

சரி, வருமானம்? இளங்கலையோடு நிறுத்தினால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், முதுகலை வரை போகத்தான் வேண்டும். அதற்குமேல் ஆராய்ச்சிக்குப் பல இடங்களில் உதவித்தொகை உண்டு. நீர்ப் பரிசோதனைக்கூடம், உணரி தயாரிக்கும் கம்பெனி, மருத்துவப் பட்டை செய்யும் கம்பெனி என்று கைத்தொழில் போல இந்தத் திறமை கூடவே வரும்.

கல்லூரி பார்க்கப் போகும்போது அவளையும் கூட்டிப்போங்கள். இந்த அளவீடுகளைச் செய்கிற பொட்டென்ஷியோஸ்டாட் என்ற கருவி இருக்கிறதா, அதை இளங்கலை மாணவர்கள் தொட விடுவார்களா என்று அவளே கேட்கட்டும். பதில் வரும்வரை எங்கேயும் முன்பணம் கட்டாதீர்கள்.