வெல்டிங் வெளிச்சமும் அகச்சிவப்பு பிலிமும்: கேள்வி பதில்

மன்னார்குடி வாசகர்: ஐயா, டிராக்டரின் கேஜ் வீலுக்கு வெல்டிங் வைப்பதைப் படம் எடுத்தால் வெள்ளைத் திட்டுதான் விழுகிறது. அகச்சிவப்பு பிலிம் போட்டால் உருகும் இரும்பு தெரியுமா?

தெரியாது, தம்பி. ஆர்க், அதாவது ராடுக்கும் இரும்புக்கும் நடுவே பாயும் மின்பொறி, கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு புறஊதா, அகச்சிவப்பு இரண்டையும் சேர்த்தே கக்குகிறது. ஆர்கான் வாயுவைப் பாய்ச்சிச் செய்யும் வெல்டிங் என்றால் இன்னும் மோசம். ஆர்கானின் வலுவான ஒளிக்கோடுகள் 750, 763, 811 நானோமீட்டர் அலைநீளத்தில், அகச்சிவப்புப் பகுதியில் இருக்கின்றன. 820 வரை பார்க்கும் ரோலெய் அகச்சிவப்பு பிலிமுக்கு அது விருந்து. உங்கள் படத்துக்குக் கேடு.

ராடை எடுத்த பிறகு பாருங்கள், அங்கேதான் படம் இருக்கிறது. வைத்த வெல்டு சிவந்திருந்து, கண்ணுக்கு மங்கிய பின்னும் பிலிமில் சற்று நேரம் பதியும். மேலே படியும் கசடும் பக்கத்து இரும்பும் ஒரே அளவில் ஒளிர்வதில்லை. அந்த வேறுபாடு கறுப்பு வெள்ளையில் அழகாக விழும். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஷட்டரைச் சில நொடிகள் திறந்து வையுங்கள். பட்டறையில் குண்டு பல்பு எரிந்தால் அணைக்கச் சொல்லுங்கள், அது அகச்சிவப்பை வாரி இறைக்கும். எல்இடி விளக்கால் பெரிய தொல்லை இல்லை.

கும்பகோணம் வாசகர்: லென்ஸின் முன்னால் வெல்டிங் கண்ணாடியைப் பிடித்தால்?

சாதாரண பிலிமுக்கு நல்ல யோசனை. அகச்சிவப்பு பிலிமுக்கு வீண். அகச்சிவப்பைத் தடுப்பதற்கென்றே செய்த கண்ணாடியை முன்னால் வைத்துவிட்டு எதைப் படம் பிடிப்பது?

திருவாரூர் வாசகர்: எந்த இடம் எவ்வளவு சூடு என்று படத்தில் தெரியுமா?

அது தெர்மல் கேமராவின் வேலை. அவற்றில் பெரும்பாலானவை பார்ப்பது 8,000 முதல் 14,000 நானோமீட்டர் வரை. 2007இல் நிறுத்தப்பட்ட கோடாக் எச்ஐஇ அகச்சிவப்பு பிலிமே 900ஐத்தான் எட்டியது. கொதிக்கும் டீ பாய்லரின் சூடுகூட இந்தப் பிலிம்களில் பதியாது.

மயிலாடுதுறை வாசகி: அகச்சிவப்பை மட்டும் உள்ளே விடும் ஆர்72 ஃபில்டர் கறுப்பாகத்தானே இருக்கிறது? அதன் வழியாக ஆர்க்கைப் பார்க்கலாமா?

கூடவே கூடாது, அம்மா. கறுப்பாகத் தெரிவதால் கண்பாவை விரியும். அகச்சிவப்பு தடையில்லாமல் உள்ளே போகும். எஸ்எல்ஆர் கேமராவின் வியூஃபைண்டரிலும் இதே ஆபத்துதான். வெல்டிங் தொடங்குமுன் ஃபில்டர் இல்லாமல் சட்டகம் அமைத்து, ஃபோகஸ் செய்து, லென்ஸில் அகச்சிவப்பு ஃபோகஸுக்கான சிவப்புப் புள்ளி இருந்தால் ஃபோகஸை அதற்கு நகர்த்திவிட்டு ஃபில்டரை மாட்டுங்கள். பிறகு ரிமோட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முறையான முகக்கவசம், முழுக்கைச் சட்டையோடு தள்ளி நில்லுங்கள். இரவில் கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தினால் பாலும் உருளைக்கிழங்கும் வேண்டாம், கண் மருத்துவரிடம் போங்கள்.

நாகப்பட்டினம் வாசகர்: பட்டறை முடிந்து பாதி ரோல் மிஞ்சினால்?

பச்சைப் பயிர் அகச்சிவப்பை நன்றாகத் திருப்பி அனுப்பும் என்பதால் சம்பா வயல் வெள்ளையாக விழும், வாய்க்கால் தண்ணீர் கறுக்கும். வெயில் இருக்கும்போது எடுங்கள். பிலிம் பெட்டியில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400 என்று போட்டிருந்தாலும், ஆர்72 மாட்டினால் 12 என்று வைத்துத் தொடங்கி, கூட்டியும் குறைத்தும் இரண்டு மூன்று படங்கள் எடுத்துவிடுங்கள். கேமராவின் ஒளி மீட்டர் அகச்சிவப்பைச் சரியாக அளப்பதில்லை.