டி கோல் அரசுக்கு எந்தத் தேதி போடுவது?

கேள்வி: எங்கள் பள்ளி வரலாற்று மன்றத்தில் இரண்டாம் உலகப்போர் காலக்கோடு ஒன்று வைக்கிறோம். ‘லண்டனில் இயங்கிய நாடுகடந்த அரசுகள்’ வரிசையில் போலந்து, நார்வே, நெதர்லாந்து எல்லாம் முடிந்துவிட்டது. பிரான்சுக்கு மட்டும் ஒரு புத்தகம் 1940 என்கிறது, இன்னொன்று 1943, வேறொன்று 1944. எதை எழுதுவது?

பதில்: ஒரே தேதிக்குத்தான் இடம் என்றால் 1944 ஜூன் 3 என்று போடுங்கள். ஆனால் லண்டன் வரிசையில் வேண்டாம், பிரெஞ்சு ஜெனரல் டி கோலின் தற்காலிக அரசு அன்று உருவானது அல்ஜீரியாவின் அல்ஜியர்ஸ் நகரில்.

குழப்பம் ஏன் வருகிறது என்றால், நார்வே மன்னர் ஹாக்கோன் தன் அமைச்சர்களோடு லண்டன் போய்ச் சேர்ந்தார், அதாவது சட்டப்படியான அரசு முகவரியை மட்டும் மாற்றிக்கொண்டது. பிரான்சில் அப்படி யாரும் கிளம்பவில்லை. 1940 ஜூன் 16 அன்று போர்தோவில் பிரதமர் ரெய்னோ பதவி விலக, அந்த இடத்துக்கு வந்த மார்ஷல் பெத்தாங் 22ஆம் தேதியே ஜெர்மனியோடு போர்நிறுத்தத்தில் கையெழுத்துப் போட வைத்துவிட்டார். வட ஆப்பிரிக்காவிலிருந்து போரைத் தொடரலாம் என்று மசிலியா கப்பலில் ஏறிய எம்.பி.க்கள் சிலர் காசாபிளாங்கா போய் இறங்கியதும் முடக்கப்பட்டார்கள். ஜூலை 10 அன்று, பெத்தாங் அரசு குடியேறிய விஷி நகரில் கூடிய நாடாளுமன்றம் 569க்கு 80 என்ற வாக்கில் பெத்தாங்குக்கு முழு அதிகாரத்தையும் தூக்கிக் கொடுத்தது. அமெரிக்காவே அந்த விஷி அரசுக்குத் தூதரை அனுப்பி வைத்திருந்தது!

இந்தப் பக்கம், போரைத் தொடர லண்டன் போன டி கோலிடம் என்ன இருந்தது? ரெய்னோ அமைச்சரவையில் சில நாள் இணையமைச்சர் பதவி, அதுவும் போயாயிற்று. ஜூன் 28 அன்று பிரிட்டன் அங்கீகரித்தது ஓர் அரசை அல்ல, ‘சுதந்திர பிரெஞ்சுக்காரர்களின் தலைவர்’ என்று அவரை மட்டும்தான். அப்புறம் சாட், புதுச்சேரி போன்ற காலனிகள் ஒவ்வொன்றாக அவர் பக்கம் வர, அக்டோபரில் ஆப்பிரிக்காவின் பிராசவில் நகரில் பேரரசுப் பாதுகாப்பு மன்றம், 1941 செப்டம்பரில் லண்டனில் பிரெஞ்சு தேசியக் குழு என்று மெல்ல மெல்ல ஓர் அரசாங்கத்தின் உருவம் வந்தது. 1943 ஜூன் 3 அன்று அல்ஜியர்ஸில் அமைந்த விடுதலைக் குழுவுக்கு டி கோலும் ஜெனரல் ஜிரோவும் கூட்டுத் தலைவர்கள். ஜிரோ அமெரிக்கர்களின் ஆள். சில மாதங்களிலேயே டி கோல் அவரை ஓரங்கட்டிவிட்டார், அரசியலில் ஜிரோ அவருக்கு ஈடே இல்லை. அதே குழுதான் சரியாக ஓராண்டு கழித்து, நார்மண்டி தரையிறக்கத்துக்கு மூன்று நாள் முன்பு, ‘பிரெஞ்சுக் குடியரசின் தற்காலிக அரசு’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் மூன்றும் அதை முறைப்படி ஏற்றது அக்டோபர் 23 அன்றுதான், அதற்குள் டி கோல் பாரிசிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இன்னொரு சிக்கல்: அல்ஜீரியாவை அன்றைய பிரெஞ்சுச் சட்டம் பிரான்சின் மாவட்டங்களாகவே கணக்கிட்டது, ஆகவே ‘நாடுகடந்த’ என்ற சொல்லே இங்கே கொஞ்சம் இடிக்கும். ‘தற்காலிக அரசு, அல்ஜியர்ஸ்’ என்று தனிக் கட்டம் போட்டு, 1940ஐ ‘சுதந்திர பிரான்ஸ் இயக்கம், லண்டன்’ என்று வேறு கட்டத்தில் வைத்தால் சரி.

படம் ஒட்டும்போதும் கவனம். பிபிசி ஒலிவாங்கிமுன் டி கோல் இருக்கும் பிரபலமான படம் போரைத் தொடரச் சொல்லி 1940 ஜூன் 18 அன்று அவர் ஆற்றிய உரையின்போது எடுத்ததல்ல, பிற்பாடு எடுத்தது. அன்றைய உரையின் ஒலிப்பதிவும் இல்லை, இணையத்தில் ஓடுவது ஜூன் 22 உரை.