புயல் நாளில் ராமேஸ்வரம் அறை: கட்டிய பணம் திரும்புமா?

கேள்வி: கார்த்திகை மாதத்துக் கடலை அதன் சீற்றத்தோடு பார்க்க வேண்டும் என்பது என் கணவரின் நெடுநாள் ஆசை. ராமேஸ்வரத்தில் ஒரு கடலோர விடுதியில் இரண்டு இரவுக்கு 9,000 ரூபாயும், தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்கு ஜீப் பயணம் என்று 1,500 ரூபாயும் முன்கூட்டியே கட்டினோம். புறப்படும் நாளில் புயல் எச்சரிக்கை. தனுஷ்கோடிக்குச் செல்ல மாவட்ட நிர்வாகம் தடை விதித்தது. எங்கள் ரயில் ராமேஸ்வரம் வராமல் மண்டபம் நிலையத்தோடு நிற்கும் என்று குறுஞ்செய்தியும் வந்ததால் நாங்கள் போகவில்லை. "விடுதி திறந்திருந்தது, பஸ் ஓடியது, பணம் தர முடியாது" என்கிறார்கள். அவ்வளவுதானா?
– வாசகி, தாம்பரம்

பதில்: அவ்வளவுதான் என்று விட்டுவிடாதீர்கள். ஆனால் மொத்தத் தொகையையும் ஒரே மூச்சில் கேட்காமல் பிரித்துக் கேளுங்கள்.

ஜீப்புக்குக் கட்டிய 1,500 ரூபாய் உங்களுக்கு வந்தே தீர வேண்டும். தடை இருந்த நாளில் அவர்களால் அந்தப் பயணத்தை நடத்தியிருக்கவே முடியாது. நடத்த முடியாமல் போன ஒப்பந்தத்துக்காக வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56, 65 பிரிவுகள் சொல்கின்றன. "ரத்து செய்தால் பணம் இல்லை" என்ற நிபந்தனை நீங்கள் ரத்து செய்தால் பேச வேண்டியது. சேவையே நடக்காதபோது அதைக் காட்டுவது நியாயமில்லை.

அறை வாடகையில் உங்கள் பக்கம் அவ்வளவு வலுவாக இல்லை. பாம்பன் சாலைப் பாலம் திறந்திருந்து, விடுதியும் அறையைத் தயாராக வைத்திருந்தால் அவர்கள் தரப்பில் தவறு காட்டுவது கடினம். இங்கே வேறு தேதி கேளுங்கள். பெரும்பாலான விடுதிகள் இதற்கு இறங்கி வரும். அந்த இரவுகளில் உங்கள் அறையை வேறு யாருக்காவது கொடுத்தார்களா என்றும் எழுத்தில் கேளுங்கள். கொடுத்திருந்தால் இரண்டு பேரிடம் வாடகை வாங்கியதாக ஆகும். அதைத் தாங்கள் வைத்துக்கொள்வதற்கு அவர்களால் காரணம் சொல்ல முடியாது.

தொலைபேசியில் வாதாட வேண்டாம். தடை அறிவிப்பு வந்த செய்தி, ரயில்வே குறுஞ்செய்தி, பணம் கட்டிய ரசீது மூன்றையும் இணைத்து, 15 நாள் கெடு வைத்து மின்னஞ்சல் அனுப்புங்கள். செயலி வழியாகப் பதிவு செய்திருந்தால் அந்த நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். பலன் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இதற்காக ராமநாதபுரத்துக்கு அலைய வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணமும் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

ரயில் டிக்கெட்டை மறந்துவிடாதீர்கள். ரயில் முழுவதும் ரத்தானால் இ-டிக்கெட் பணம் தானாகக் கணக்குக்கு வரும். பாதி வழியில் நிறுத்தப்பட்டால் டி.டி.ஆர். என்ற, பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பத்தைத் தாக்கல் செய்துதான் கேட்க வேண்டும். அதற்குக் காலவரம்பு உண்டு.

கேள்வி: அடுத்த மழைக்காலத்திலும் போக நினைக்கிறோம். பதிவு செய்யும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் விடுதி இருக்கும் இடம். பெயரில் தனுஷ்கோடி இருக்கும். ஆனால் அரிச்சல்முனை ராமேஸ்வரம் நகரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். பார்வையாளர்களை மாலையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். "கடலைப் பார்த்த அறை" என்றால் எந்தக் கடல் என்று கேளுங்கள். தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும், வடக்கே பாக் நீரிணையைப் பெண் கடல் என்றும் அங்கே சொல்வார்கள். வாடைக்காற்று வீசும் மாதங்களில் அமைதியான பெண் கடல்தான் குமுறும். ஆகவே உங்கள் ஆசைக்கு வடக்குப் பார்த்த ஜன்னல்.

ஜீப்புக்குப் பணம் கட்டவே வேண்டாம். 2017-இல் சாலை திறந்த பிறகு அரிச்சல்முனை வரை பஸ் போகிறது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை, சில நூறு ரூபாய் கூடுதலானாலும் இலவசமாக ரத்து செய்யும் வசதியுள்ள அறையையே எடுங்கள். ரயில் டிக்கெட்டோடு சில பைசாவுக்கு வரும் காப்பீடு விபத்துக்கு மட்டுமே. பயணம் நின்றுபோனால் உதவாது. தனியாகப் பயணக் காப்பீடு எடுப்பதென்றால் புயல் பற்றிய அறிவிப்பு வருவதற்கு முன்பே எடுங்கள். வந்த பிறகு எடுத்தால் அந்தப் புயலைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள்.

பாம்பனில் புயல் கூண்டு ஏறிவிட்டால், பணம் திரும்புமா என்று கணக்குப் பார்க்காமல் பயணத்தைத் தள்ளிவையுங்கள். 1964 டிசம்பரில் ஒரு ரயிலையும் ஓர் ஊரையும் கொண்டுபோன கடல் அது.