பலூன் கடைக்கு அப்புறம்: முதல் ஏர் கன் வாங்குவோர் கேள்விகள்

நெல்லையப்பர் ஆனித் தேர் நிலைக்கு வந்த மறுவாரம் எனக்குக் கேள்விகள் குவியும். திருவிழாக் கடையில் நாலு பலூனை உடைத்த கை வீட்டில் சும்மா இருக்காது. பத்து மீட்டர் ஏர் ரைபிள் சொல்லிக் கொடுக்கிறவன் என்பதால் எல்லோரும் என்னிடம் வருகிறார்கள். இந்த முறை வந்தவற்றில் சில.

அண்ணாச்சி, கல்லூரியில் படிக்கிறேன். முதல் ஏர் கன் வாங்கப் போகிறேன். கடைக்காரர் வேகம் அதிகமுள்ளதைத்தான் எடுக்கச் சொல்கிறார். சரியா? (மேலப்பாளையம்)

தம்பி, அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் எடை குறைந்த பெல்லட்டை, அதாவது ஏர் கன் குண்டை, வைத்து அளந்தது. நீ சுடப்போகும் ஈய பெல்லட்டில் அது வராது. வந்தாலும் உனக்கு எதற்கு? ஒலிம்பிக் ஏர் ரைபிளே நொடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் வேகத்தில்தான் சுடுகிறது. காகிதத்தில் ஓட்டை போட அது போதும்.

ஸ்பிரிங் துப்பாக்கியில் ஒவ்வொரு குண்டுக்கும் குழலை மடக்கித்தான் ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும். ஸ்பிரிங் வலுவாக இருந்தால் மடக்க அதிக பலம் வேண்டும். முதல் பத்து தடவை ஜோராக இருக்கும். நாற்பதாவது தடவை தோள் நடுங்கும், குறி போகும், ஒரு மாதத்தில் துப்பாக்கி பரண் மேல் ஏறிவிடும். நான் பார்த்த பாதிப் பேரின் கதை இதுதான். அதனால் கடையிலேயே ஐந்தாறு தடவை மடக்கிப் பார். மடக்கியதைச் சுடாமல் மெதுவாகத் திரும்ப விடுவதைக் கடைக்காரரையே செய்யச் சொல். பெல்லட் இல்லாமல் சுட்டால் உள்ளே காற்றை அழுத்தும் பிஸ்டன் அடிபடும். அடுத்து, துப்பாக்கிக் கட்டையின் பின்பக்கத்தை முழங்கை மடிப்பில் வைத்துப் பார். விரல் ட்ரிகரை இயல்பாகத் தொட வேண்டும். எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் அது உன் அளவு இல்லை. செருப்பு வாங்கும்போது போட்டுப் பார்க்கிறோம், துப்பாக்கிக்கு மட்டும் ஏன் பெட்டியைப் பார்த்து வாங்குகிறோம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

4.5 மி.மீ. துளையுள்ள குழல், மடக்கும் வகை, குறி பார்க்கத் திருகி நகர்த்தக்கூடிய இரும்பு சைட். முதல் துப்பாக்கிக்கு இவ்வளவுதான் வேண்டும். மேலே மாட்டும் தொலைநோக்கி, அதாவது ஸ்கோப், வேண்டாம். ஸ்பிரிங் துப்பாக்கி முன்னும் பின்னும் உதறும். மலிவு ஸ்கோப் அந்த உதறலுக்கே கெட்டுப்போகும்.

லைசென்ஸ் வேண்டுமா? (திசையன்விளை)

2016 ஆயுத விதிகளின்படி குழல் துளை 4.5 மி.மீ.க்கும் குண்டின் வேகசக்தி 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் கன்னுக்கு உரிமம் தேவையில்லை. அதைத் தாண்டினால் வேண்டும். அடையாள அட்டை நகலைக் கொடுத்து ரசீதோடு வாங்குங்கள். எடுத்துப் போகும்போது உறைக்குள் வைத்து, ரசீதையும் கூடவே வையுங்கள். ரசீது இல்லாமல் கை மாறி வரும் பழைய துப்பாக்கி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

வாழைத் தோட்டத்தில் மயிலும் குரங்கும் தாங்க முடியவில்லை. விரட்ட எந்த ஏர் கன் நல்லது? (களக்காடு)

எதுவும் நல்லதில்லை அண்ணாச்சி. உங்கள் நஷ்டம் எனக்குத் தெரியும். என் மாமனாரும் வாழை வைத்தவர்தான். ஆனால் மயில் தேசியப் பறவை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. அதைச் சுட்டால் ஜெயில். உங்கள் தோட்டத்துக்கு மேற்கே புலிகள் காப்பகமே இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், பெல்லட் பட்ட குரங்கு உடனே சாகாது. வயிற்றில் ஈயத்தோடு நாலு நாள் திரிந்து சாகும். வனத்துறையில் பயிர்ச்சேத இழப்பீட்டுக்கு மனு கொடுங்கள். கூந்தன்குளத்துக்காரர்கள் எங்கிருந்தோ வரும் பறவைகளைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்க்கிற ஜில்லா இது. பறவை சுடத் துப்பாக்கி கேட்டு வருகிறவர்களுக்கு நான் வழி சொல்வதில்லை.

அண்ணன் அதே துப்பாக்கியில் சுட்டால் நடுவில் படுகிறது. எனக்கு நாலு விரல் விலகுகிறது. நான் இன்னும் இறுக்கமாகத்தான் பிடிக்கிறேன். (அம்பாசமுத்திரம்)

இறுக்கிப் பிடிப்பதுதான் வினை. ஸ்பிரிங் துப்பாக்கியில் பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே பிஸ்டன் ஓடி முட்டி உதறல் தொடங்கிவிடும். அந்த உதறல் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நீங்கள் ஒரு தடவை இறுக்கி, ஒரு தடவை தளர்த்திப் பிடித்தால் ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு பக்கம் போகும். முன்கட்டையை விரித்த உள்ளங்கையில் சும்மா படுக்க வையுங்கள், தோளிலும் அழுத்தாதீர்கள். அப்புறம், ஆனி ஆடியில் வெளியில் சுட்டுவிட்டுத் துப்பாக்கியைக் குறை சொல்லாதீர்கள். அரை கிராம் பெல்லட்டை நம்மூர் மேல்காற்று எங்கு வேண்டுமானாலும் தள்ளும்.

கடற்கரை வீடு. துருப் பிடிக்காமல் இருக்க எண்ணெய் விடலாமா? (உவரி)

வெளியே தடவலாம். உப்புக் காற்றுக்குத் தடவியே ஆக வேண்டும். மெஷின் ஆயிலைத் துணியில் தொட்டு, சுட்டு முடித்த ஒவ்வொரு முறையும் துடைத்து வையுங்கள். உள்ளே விடாதீர்கள். என் முதல் துப்பாக்கியில் சத்தம் வருகிறதென்று காற்றறை ஓட்டைக்குள் தேங்காய் எண்ணெய் ஊற்றினேன். பிஸ்டன் காற்றை அழுத்தும்போது உண்டாகும் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொண்டது. டீசல் இன்ஜினில் நடப்பதும் இதேதான். வெடிச் சத்தம், புகை, வீடெல்லாம் தாளிப்பு வாசனை. அடுப்பில் ஏதோ வெடித்துவிட்டதென்று அம்மா ஓடி வந்தாள். சீல் போய், துப்பாக்கி ரெண்டு மாதம் மூலையில் கிடந்தது.

ஜப்பானில் வேலை பார்க்கிறேன், லீவில் வந்திருக்கிறேன். அங்கே நண்பர்கள் ஏர்சாஃப்ட் விளையாடுகிறார்கள். முதலில் எதை வாங்க? ஊருக்கும் கொண்டு வரலாமா? (வண்ணார்பேட்டை)

முதலில் கண்ணைக் காக்கும் கண்ணாடி. ஏர்சாஃப்டில் சுடுவது ஆளைப் பார்த்து, 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டு என்றாலும் கண்ணில் பட்டால் கண் போய்விடும். முகத்தை மூடும் கவசமும் வாங்கிவிட்டு மீதிக் காசில் துப்பாக்கியைப் பாருங்கள். இரண்டு மூன்று ஞாயிறு வாடகைத் துப்பாக்கியில் விளையாடினால் இன்னும் நல்லது.

ஸ்பிரிங், கேஸ், பேட்டரி என்று மூன்று வகை. ஸ்பிரிங்கை ஒவ்வொரு குண்டுக்கும் இழுக்க வேண்டும், ஆட்டத்துக்கு ஆகாது. கேஸ் நிஜம் போல உதறும், ஆனால் ஜப்பான் குளிரில் அழுத்தம் இறங்கிச் சோர்ந்துவிடும். புதியவருக்குப் பேட்டரிதான். 0.20 கிராம் குண்டில் தொடங்குங்கள். ஹாப்-அப் என்ற சின்ன ரப்பர் துண்டு, குண்டைப் பின்பக்கமாகச் சுழற்றி மிதக்க வைக்கும். அதைத் திருகிச் சரிசெய்யப் பழகினால் தூரம் தானாக வரும். சக்தியைக் கூட்டும் பாகங்கள் பக்கம் போகாதீர்கள். அங்கே 2006 முதல் 0.98 ஜூல்தான் எல்லை.

ஊருக்கு வேண்டாம். குழல் 4.5 மி.மீ.யைத் தாண்டுகிறது, பார்க்க அசல் துப்பாக்கி மாதிரியே வேறு இருக்கிறது. கஸ்டம்ஸில் ஒரு விளக்கம், வண்ணார்பேட்டை பாலத்தில் போலீஸிடம் இன்னொரு விளக்கம் என்று லீவு தீர்ந்துவிடும்.

மகளுக்குப் பதினொரு வயது. 2024 பாரிஸில் மனு பாக்கர் பதக்கம் வாங்கியதைப் பார்த்ததிலிருந்து பிஸ்டல் வேண்டும் என்கிறாள். பிஸ்டலா, ரைபிளா? (வள்ளியூர்)

இப்போதைக்கு இரண்டும் வாங்காதீர்கள் அக்கா. பயிற்சி இடத்துத் துப்பாக்கியில் ஆறு மாதம் போகட்டும். ரைபிள் இலக்கில் பத்துப் புள்ளி வட்டம் 0.5 மி.மீ.தான், எள்ளை விடச் சின்னது. பிஸ்டலில் 11.5 மி.மீ. அதனால் பிஸ்டல் லேசு என்று நினைக்க வேண்டாம், அதை ஒற்றைக் கையில் நீட்டிப் பிடித்து அறுபது குண்டு சுட வேண்டும். சின்னப் பிள்ளைகளின் மணிக்கட்டுக்கு அது பாரம். ரைபிளைத் தாங்கியில் வைத்துத் தொடங்கலாம். பின்னால் கோட்டு, காலணி என்று செலவு கூடும். வீட்டில் தண்ணீர் பாட்டிலை நீட்டிய கையில் ஒரு நிமிடம் பிடிக்கச் சொல்லுங்கள். அலுக்காமல் ஒரு மாதம் செய்தால் அவள் கேட்டதையே யோசிக்கலாம்.

மொட்டை மாடியில் சுடலாமா? (பாளையங்கோட்டை)

கூடாது. தவறிய பெல்லட் அடுத்த தெருவுக்குப் போகும். நீளமான வராந்தாவோ கொல்லையோ இருந்தால், ஒரு பெட்டியில் பழைய துணியைத் திணித்துப் பின்னால் மணல் சாக்கு வைத்து அதில் சுடுங்கள். வெறும் சுவரிலோ இரும்பிலோ பட்டால் பெல்லட் திரும்பி வரும். இரும்புக் குண்டு இன்னும் மோசம், குழலின் உள்வரிகளையும் தேய்த்துவிடும். ஈயத்தைத் தொட்ட கையோடு முறுக்கு எடுக்காதீர்கள், சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு எடுங்கள். சுடும் நேரத்தில் கொல்லைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டுவிடுங்கள். துணி காயப்போட யாராவது வருவார்கள்.