கொடுத்தது யார் பணம்?

கேள்வி: ஃபெஞ்சல் புயலுக்கு 944 கோடி ரூபாய் கொடுத்துவிட்டோம் என்கிறது மத்திய அரசு. போதவில்லை என்கிறது மாநில அரசு. பணம் கொடுக்கிறவர்கள் கணக்குக் கேட்டால் என்ன தவறு?
- ஒரு வாசகர், நாகலூர், ஏற்காடு

பதில்: கணக்குக் கேட்பதில் தவறே இல்லை. 'கொடுக்கிறவர்கள்' என்கிறீர்களே, அதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2024 டிசம்பர் 6ஆம் தேதி வந்த அந்த 944.80 கோடி புயலுக்காகத் தனியாக ஒதுக்கிய பணம் அல்ல. மாநிலப் பேரிடர் நிதியில் ஆண்டுதோறும் மத்திய அரசு போட வேண்டிய 75 சதவீதப் பங்கு அது. மீதி 25 சதவீதத்தை மாநிலம் போடுகிறது. புயல் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் வர வேண்டிய தொகை. நிதி ஆணையம் எப்போதோ கணக்குப் போட்டு வைத்தது. நீங்களும் நானும் கட்டிய வரிதான் அது.

புயலின் சேதத்துக்கென்று தேசியப் பேரிடர் நிதியிலிருந்து 522.34 கோடிக்கு ஒப்புதல் கிடைத்தது 2025 ஏப்ரலில். மாநிலம் கேட்டது ஆறாயிரம் கோடிக்கும் மேல். மாநிலம் கேட்டது அத்தனையும் சரி என்று நான் வாதாடவில்லை. ஆனால் சேதத்தைப் பார்க்க வரும் குழு மத்திய அரசுடையது, தீர்ப்புச் சொல்லும் உயர்நிலைக் குழுவுக்கு உள்துறை அமைச்சர் தலைவர், பணப்பையும் அவர்களிடமே. கேட்கும் மாநிலத்துக்கு அந்தக் குழுவில் ஒரு நாற்காலிகூடக் கிடையாது. என் கோபம் இதில்தான். எவ்வளவு மழைக்கு, எவ்வளவு சேதத்துக்கு எவ்வளவு தொகை, எத்தனை நாளில் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால் எந்த முதலமைச்சரும் டெல்லிக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டாம். ஆண்டுப் பங்குக்கு ஒரு கணக்கு இருக்கும்போது இதற்கு மட்டும் ஏன் முடியாது?

அரசியல் சாசனத்தின் மூன்று அதிகாரப் பட்டியல்களிலும் 'பேரிடர்' என்ற தலைப்பே இல்லை. பொதுப் பட்டியலில் உள்ள சமூகப் பாதுகாப்பு என்ற இனத்தைப் பிடித்துத்தான் 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. 2020 மார்ச்சில் நாடு முழுவதையும் பூட்டியதும் அதே சட்டத்தால்தான். அதிகாரம் அவ்வளவு தூரம் போனது. பொறுப்பு? பேரிடரில் சிக்கியவர்களின் கடனுக்குச் சலுகை தரப் பரிந்துரைக்கலாம் என்றிருந்த 13ஆம் பிரிவை 2025 திருத்தத்தில் எடுத்தேவிட்டார்கள்.

உங்கள் ஊருக்கே வருவோம். காபி, மிளகு போன்ற பல்லாண்டுப் பயிர்களுக்கு 2022-26 விதிப்படி ஹெக்டேருக்குக் கிடைத்தது 22,500 ரூபாய், அதுவும் இரண்டு ஹெக்டேர் வரைதான். ஏக்கருக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம். மண்ணோடு போன காபிச் செடிக்குப் பதிலாக வேறு நட்டால் காய்க்க மூன்று நான்கு வருடமாகும். அதுவரை அந்தக் குடும்பம் எதை வைத்துச் சாப்பிடும்? கூடுதலாகத் தர மாநிலத்துக்குத் தடையில்லை, ஆனால் சொந்தக் கஜானாவிலிருந்துதான் தர வேண்டும்.

ஆகவே கணக்கை இரண்டு பக்கமும் கேளுங்கள். டெல்லிக்குப் போன சேதக் கணக்கு உங்கள் கிராம நிர்வாக அலுவலர் எழுதும் பட்டியலில்தான் ஆரம்பிக்கிறது. அடுத்த மழைக்கு முன்னால் உங்கள் தோட்டத்துப் பட்டாவும் பயிர்ப் பதிவும் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள்.