கமுந்திங்குக்கு அனுப்பிவிடுவார்களா?

கேள்வி: ஐயா, எங்கள் தோட்டத்து லயத்துக்கு நாலு மாதமாகத் தண்ணீர் ஒழுங்காக வரவில்லை. என் மகன் ஓர் அதிகாரியின் பெயரைப் போட்டு முகநூலில் எழுதிவிட்டான். பக்கத்து வீட்டுப் பெரியவர், "அழிக்கச் சொல்லு, இல்லேன்னா கமுந்திங்தான்" என்கிறார். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. அப்படிப் பிடித்துப் போட்டால் கோர்ட்டில் எதிர்க்க முடியுமா?
- ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: முதலில் சாப்பிடுங்கள், தங்கச்சி.

பெரியவர் சொல்வது இசா என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம். அதில் பிடித்தவர்களை அடைத்துவைத்த முகாம்தான் கமுந்திங். 1960-இல் வந்தது, 2012-இல் போனது. அவர் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். அப்போது போலீஸ் 60 நாள் வைத்திருக்கும். பிறகு அமைச்சர் கையெழுத்துப் போட்டால் இரண்டு ஆண்டு. அது முடிந்தால் இன்னும் இரண்டு. குற்றச்சாட்டும் கிடையாது, விசாரணையும் கிடையாது.

நான் ஈப்போவில் ஒரு வக்கீலிடம் கிராணியாக இருந்தவன். 1988 மார்ச் 9-ஆம் தேதி ஈப்போ உயர்நீதிமன்றம், இசாவில் பிடிபட்டிருந்த எதிர்க்கட்சித் தலைவர்களில் ஒருவரான கர்ப்பால் சிங்கை விடுவித்தது. அமைச்சர் காட்டிய ஆறு காரணங்களில் ஒன்று, அவர் பேசாத பேச்சு. ஆபீசில் எல்லாருக்கும் டீ வாங்கினோம். அன்றைக்கே அவரை மறுபடி பிடித்துவிட்டார்கள்! அந்தத் தீர்ப்பும் மேலே போய்க் கவிழ்ந்தது. 1989-இல் சட்டத்தையே திருத்தினார்கள்: நடைமுறை சரியா என்று மட்டும் நீதிபதி பார்க்கலாம், அமைச்சரின் முடிவு சரியா என்று கேட்கக்கூடாது.

இந்தப் பூட்டு இருந்தும் 2008-இல் ஒருவர் எழுத்துக்காக உள்ளே போய் வெளியே வந்தார். இணையத்தளம் நடத்திய ராஜா பெத்ரா. செப்டம்பர் 12-ஆம் தேதி பிடித்தார்கள். தலைவர்களையும் சமயத்தையும் பற்றிய கட்டுரைகள்தான் காரணம் என்றார்கள். ஆட்கொணர்வு மனு போட்டார்கள். அந்தக் காரணங்கள் சட்டம் தந்த அதிகாரத்துக்குள்ளேயே வரவில்லை என்று சொல்லி, ஷா ஆலம் உயர்நீதிமன்றம் நவம்பர் 7-ஆம் தேதி விடுவித்தது. எழுதியது உண்மையா பொய்யா என்பதல்ல அங்கே கேள்வி. அமைச்சர் எல்லை தாண்டினாரா என்பதுதான். அதே ஆண்டு, அதே சட்டம், இந்தியர் உரிமைக்காகப் போராடிய ஹிண்ட்ராப் இயக்கத்தின் ஐவர் போட்ட மனுவோ கூட்டரசு நீதிமன்றம் வரை போயும் தோற்றது. அவர்களில் மனோகரன், கமுந்திங்கில் இருந்தபடியே கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியை வென்றவர். ஒரு நீதிபதிக்குத் திறந்த கதவு இன்னொருவருக்குத் திறக்கவில்லை. வக்கீல்களுக்கே இது புதிர்தான்.

இனி உங்கள் மகன். இசாவுக்குப் பதிலாக வந்த பாதுகாப்புக் குற்றங்கள் சட்டமான சொஸ்மாவில் போலீஸ் 28 நாள் வரை வைக்கலாம். ஆனால் அரசியல் கருத்துக்காகவோ அரசியல் நடவடிக்கைக்காகவோ மட்டும் யாரையும் பிடிக்கக்கூடாது என்று அதன் 4-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. தண்ணீர்க் குழாய்க்குச் சொஸ்மா வராது. வந்தால் தேசநிந்தனைச் சட்டம், இல்லை 1998 தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவு. அவற்றில் குற்றச்சாட்டு உண்டு, ஜாமீன் கேட்கலாம், வாதாடலாம்.

போலீஸ் வந்தால் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று கேட்டு எழுதி வையுங்கள். காரணத்தைச் சொல்லியாக வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும். இது அரசியலமைப்பின் 5-ஆவது பிரிவு. விசாரணைக்காகக் காவலில் வைக்க மாஜிஸ்திரேட்டிடம் அனுமதி கேட்டால், இப்படிப்பட்ட வழக்கில் முதலில் நாலு நாள், பிறகு மூன்று நாள். அதற்கு மேல் இல்லை. வக்கீலை அன்றைக்கே கூப்பிடுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்து வருந்திய குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பதிவை அழிக்க வேண்டாம். 'திருடன்' மாதிரி ஏதாவது சொல் இருந்தால் அதை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். அவதூறு வழக்குக்கு அது ஒன்றே போதும். காய்ந்த குழாயின் படமும் தேதியும் அப்படியே இருக்கட்டும்.